காந்தியடிகளின் தபாற்பை



2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாளோடு நம் நாட்டில் தந்தி என்பது முடிந்து போயிற்று. 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே சோதனையாகத் தொடங்கிய அந்தக் கம்பி வழி, நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறப்பையும் இறப்பையும் சுமந்து ஓடி, இறுதியில் ஓய்ந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்நாட்கள் நினைவிருக்கும். தந்திச் சேவகர் வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே போதும். தாளைப் பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகுரல் எழுந்துவிடும். ஆங்கிலம் அறிந்தவரைத் தேடி ஆள் ஓடும். பல சிற்றூர்களில் அவர் பள்ளி ஆசிரியராகவோ பங்குச் சுவாமியாராகவோ இருப்பார். பையனுக்கு வேலை கிடைத்த செய்தியாக இருந்துவிட்டால், அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்கள்.

அந்தத் தந்தியும், 1879இல் காலணா விலையில் நம் நாட்டுக்கு வந்த அஞ்சலட்டையும், ஒரு விடுதலைப் போராட்டத்தில் என்ன பணி செய்தன என்பதை இத்திங்கள் எண்ணிப் பார்ப்போம். தலைவர்கள் மக்களுக்கு எழுதியவற்றை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். மக்கள் தலைவருக்கு எழுதியவற்றைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் ஒரு தலைவன் எத்தகையவன் என்பதை அவன் பேசும் மேடையைவிட, அவன் தபாற்பை நன்றாகக் காட்டிக் கொடுத்துவிடும். காந்தியடிகளின் தபாற்பையை நாம் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா?

பாடம் கற்ற இடம்

காந்தியடிகள் கடிதம் பெறும் தலைவராவதற்கு முன்பு, கடிதம் எழுதும் தொண்டராக இருந்தார். தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க விரும்பிய இந்தியர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. அந்த வரியை நீக்கக் கோரி 1913இல் போராட்டம் மூண்டது. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினர். நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆண்களும், 127 பெண்களும், 57 குழந்தைகளும் டிரான்சுவால் எல்லையை நோக்கி நடந்தனர். அவர்களுள் தமிழர் பலர். அரசு காந்தியடிகளை நான்கு நாட்களுக்குள் மூன்று முறை கைது செய்தது.

இங்கே இந்தியாவில் கோபாலகிருஷ்ண கோகலே நோயுற்றிருந்தார். நீரிழிவு அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. ஆயினும் நடப்பவை யாவற்றையும் விரிவாகத் தந்தி மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அவர் பணித்திருந்தார். கடல் கடந்து தந்தி அனுப்புவது அக்காலத்தில் மிகுந்த செலவு. அச்செலவை அவர் பொருட்படுத்தவில்லை. வருகிற தந்திகளைப் படுக்கையில் இருந்தபடியே படித்து, நாடெங்கும் பரப்பினார். அங்கே பீனிக்சு குடியிருப்பில் ஆல்பர்ட் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் இப்பணிக்கென்றே போராட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார். சிறை செல்வது அவர் வேலையன்று. கோகலேயிக்குத் தந்தி கொடுப்பதே அவர் வேலை. அரசு அவரையும் கைது செய்தது. அச்செய்தி எட்டியதும், திறமையான ஆட்களை அனுப்பியே ஆகவேண்டும் என்று கோகலே முனைந்தார். ஆண்ட்ரூசும் பியர்சனும் கப்பலேறினர். 1914 ஜனவரித் தொடக்கத்தில் டர்பனில் இறங்கினர். அதற்குள் வைசிராய் ஹார்டிஞ்சு பிரபுவே நம் சென்னையில் பேசும்போது, தென்னாப்பிரிக்க இந்தியர் சார்பில் வெளிப்படையாகக் குரல் கொடுத்திருந்தார். 1914இல் அந்த வரி ஒழிந்தது.

காந்தியடிகள் இதிலே கற்ற பாடம் பெரிது. தொலைவில் துன்புறுகிறவனுக்கு, தன் செய்தியைக் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியே பாதி வலிமை. கோகலே தமக்கு எப்படி இருந்தாரோ, அப்படியே பின்னாளில் அவர் கோடிக்கணக்கானவர்களுக்கு இருந்தார்.

ஊரின் பெயரை மாற்றிய தபால்

இந்தியா திரும்பிய பின் அவருக்கு வந்த தபாலுக்கு எல்லையில்லை. உலகின் பல மூலைகளிலிருந்தும் உறைகள் வந்தன. 'மகாத்மா காந்தி, எங்கிருந்தாலும்' என்று மட்டும் எழுதப்பட்ட உறைகளும், பெயரே இல்லாமல் அவர் உருவத்தை வரைந்து தபாலில் போடப்பட்ட உறைகளும் அவரை வந்தடைந்தன. ஆட்சி நடத்தியது அவர் எதிர்த்து நின்ற அரசு. அந்த அரசின் தபால்காரரே அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டு போய்க் கொடுத்தார்!

1936இல் அவர் வார்தாவுக்கு அருகே சேகாம் என்ற சிற்றூரில் குடியேறினார். அதே இரயில் பாதையில் ஷேகாம் என்று வேறோர் ஊர் இருந்தது. இவருக்கு வரவேண்டிய தபால்கள் அங்கே போய்ச் சுற்றிவிட்டு வந்தன. இந்தக் குழப்பம் தீர வேண்டுமென்றே 1940இல் ஊரின் பெயர் சேவாகிராமம் என்று மாற்றப்பட்டது. இன்று அப்பெயரைச் சொல்லும்போது 'தொண்டின் ஊர்' என்ற பொருளை எண்ணி நாம் மகிழ்கிறோம். அந்தப் பெயர் பிறந்ததற்கு உடனடிக் காரணம் தவறிப்போன தபால் என்பதைப் பலரும் அறியார்.

இவ்வளவு தபாலில் என்னதான் எழுதினார்கள்? அரசியல் கொஞ்சம், வாழ்க்கை நிறைய. வயிற்று வலிக்கு என்ன உண்பது என்று கேட்டவர்கள் உண்டு. மாமியார் கொடுமையை எழுதிய பெண்கள் உண்டு. மகன் சொற்படி கேட்கவில்லை என்று முறையிட்ட தந்தையர் உண்டு. 'நீர் சொல்வது முற்றிலும் தவறு' என்று சினந்து எழுதியவர்களும் உண்டு. இவற்றுள் பலவற்றை அவர் தம் 'யங் இந்தியா', 'நவஜீவன்', 'ஹரிஜன்' ஏடுகளில் வெளியிட்டு, எல்லாரும் காணும்படி மறுமொழி எழுதினார். தம்மைப் புகழ்ந்தவர்களின் கடிதத்தைவிடத் தம்மை மறுத்தவர்களின் கடிதத்துக்கு அவர் அங்கே மிகுதியாக இடம் கொடுத்ததைப் பார்க்கிறோம்.

மறுமொழி எழுதுவதை அவர் ஒரு விரதம் போலக் கொண்டிருந்தார். வலக்கை ஓய்ந்தால் இடக்கையால் எழுதுவார். வந்த உறைகளைப் பிரித்து, அவற்றின் வெற்றுப் பக்கத்தையே எழுதுதாளாகப் பயன்படுத்துவார். திங்கட்கிழமைகளில் பேசாநோன்பு, எழுதுகோலுக்கு அந்த நோன்பு இல்லை. 1917 முதல் மகாதேவ் தேசாயும், பிறகு பியாரிலாலும், இளவரசி அம்ருத் கௌரும் இந்தத் தபால் மலையை அவரோடு சேர்ந்து சுமந்தனர். தென்னாப்பிரிக்காவில் போப்பையரின் தமிழ்க் கைந்நூலை வைத்துச் சிறையிலும் தமிழ் பயின்றவர் அவர், 'மோ. க. காந்தி' என்று தமிழெழுத்தில் கையொப்பமிட்டும் இருக்கிறார். எழுதியவனின் மொழிக்கும் மரியாதை தர வேண்டும் என்று நினைத்த மனம் அது.

ஓர் ஆண்டு பொறுத்திரு

ஒரு கடிதமும் அதற்கு வந்த மறுமொழியும் ஒரு வாழ்க்கையையே திருப்பிவிடக் கூடும். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஒருவரின் மகள் மேடலின் சிலேடு. ரோமேன் ரோலந்து 1924இல் எழுதிய காந்தியடிகளின் வரலாற்றைப் படித்த அப்பெண், உடனே இந்தியாவுக்குப் புறப்பட எண்ணினார். பின்பு தம்மையே அடக்கிக்கொண்டு, தரையில் உறங்கவும், நூல் நூற்கவும், எளிய உணவு உண்ணவும் ஓராண்டு பழகத் தீர்மானித்தார். தம் வைர நகை ஒன்றை விற்று, அதிலே இருபது பவுனை அனுப்பி, ஆசிரமத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு காந்தியடிகளுக்கு எழுதினார்.

ஆளும் இனத்துப் பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி தம்மிடம் வர விரும்புகிறாள் என்றால், வேறொரு தலைவர் அதனை ஊரறியப் பறைசாற்றியிருப்பார். காந்தியடிகளோ, அவர் அவசரப்படாமல் தம்மைச் சோதித்துக்கொள்வதைப் பாராட்டினார். ஓராண்டு சென்ற பின்னும் அதே எண்ணம் இருந்தால் வரலாம் என்று எழுதினார். அப்பெண் 1925 நவம்பர் 7ஆம் நாள் சபர்மதியை வந்தடைந்தார். நாம் மீராபென் என்று அறிந்திருப்பது அவரைத்தான். துறவற அழைத்தலை எண்ணும் இளைஞருக்கு அறிவுரை சொல்லும் பெற்றோர்களே, குருக்களே, இந்த மறுமொழியின் பொறுமையைக் கவனியுங்கள்.

மதுரைக்காரரின் தந்தி

எல்லா மறுமொழிகளும் இனிக்கவில்லை. 1924 மார்ச்சு 30ஆம் நாள் திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்க உரிமை கேட்டுத் தொண்டர்கள் நின்றனர். முன்னணித் தலைவர்கள் கைதானதும், பொறுப்பை ஏற்றவர் ஜார்ஜ் ஜோசப். சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரையில் வழக்கறிஞராக இருந்தவர். கள்ளர் சமூகத்தாருக்காகக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து உழைத்ததால் 'ரோசாப்பூ துரை' என்று அம்மக்கள் அன்போடு அழைத்தவர்.

அரசு தந்திரம் ஒன்று செய்தது. தொண்டர்களைக் கைது செய்வதை நிறுத்திவிட்டு, வழியை மட்டும் மறித்தது. தொண்டர்கள் அங்கேயே உண்ணாமல் அமர்ந்தனர். அடுத்து என்ன செய்வது என்று ஜார்ஜ் ஜோசப் தந்தி கொடுத்தார். காந்தியடிகள் அறுவை சிகிச்சைக்குப் பின் பம்பாய்க்கு அருகே ஜுஹூவில் உடல் தேறிக்கொண்டிருந்தார். உண்ணாநோன்பு வேண்டாம், கைதாகும் வரை முறைவைத்து அமைதியாக நின்றோ அமர்ந்தோ இருங்கள் என்று தந்தியிலேயே மறுமொழி சென்றது.

ஆனால் ஏப்ரல் 6ஆம் நாள் எழுதிய கடிதத்தில் மற்றொன்றையும் அவர் சொல்லியிருந்தார். வைக்கத்துப் பணியை இந்துக்களே செய்யட்டும், தீண்டாமை இந்துக்களின் பாவம், அதற்குக் கழுவாய் தேட வேண்டியவர்களும் அவர்களே என்பது அதன் கருத்து. சிறைக்குப் போகவும் ஆயத்தமாய் நின்ற ஒரு கிறிஸ்தவருக்கு, 'நீர் விலகி நில்லும்' என்று தலைவரே எழுதுவது எளிதில் விழுங்கக்கூடிய மறுமொழியன்று. ஜார்ஜ் ஜோசப் சில நாட்களில் கைதானார். தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. அங்கே சென்று போராட்டத்தைத் தாங்கினார்.

அந்தக் கடிதம் சரியா, தவறா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். தெருவில் நடக்கும் உரிமை மனிதனுக்குரியது, அதற்கு எந்த மதத்தானும் துணை நிற்கலாம் என்பதே என் எண்ணம். ஆயினும் அக்கடிதத்திலிருந்து நமக்கு ஒரு கேள்வி எழுகின்றது. அவரவர் வீட்டுப் பாவத்துக்கு அவரவரே கழுவாய் தேட வேண்டுமானால், நம் வீட்டுக் கணக்கு என்ன? வடக்கன்குளத்து ஆலயத்துக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. கல்லால் கட்டிய அச்சுவர் போயிற்று. கல்லறைத் தோட்டத்திலும், தேர் செல்லும் தெருவிலும், பெண் கேட்கும் வீட்டிலும் நிற்கிற சுவர்களை யார் இடிப்பது? அதைச் செய்ய வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டும் என்று நாம் காத்திருப்பது தகுமா?

அப்பமும் கல்லும்

ஆட்சியாளரும் ஒருவகையில் கடிதம் பெறுகிற தலைவர்களே. அவர்களுக்குக் காந்தியடிகள் எழுதியவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். 1930 மார்ச்சு 2ஆம் நாள் வைசிராய் இர்வின் பிரபுவுக்கு 'அன்பு நண்பரே' என்று தொடங்கி நீண்ட மடல் ஒன்று எழுதினார். வைசிராயின் மாத ஊதியம் 21,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். சராசரி இந்தியனின் நாள் வருமானமோ இரண்டணாவுக்கும் குறைவு என்று கணக்குக் காட்டினார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்டு ரெய்னால்ட்சு என்ற ஆங்கிலேய இளைஞர். ஆங்கிலேயர் மீது தமக்குப் பகையில்லை என்பதற்கு அவரையே சாட்சியாக அனுப்பினார். வைசிராயின் செயலரிடமிருந்து சில வரிகளில் வறண்ட மறுமொழி வந்தது. மண்டியிட்டு அப்பம் கேட்ட தமக்குக் கல்லே கிடைத்தது என்றார் காந்தியடிகள். மத்தேயு நற்செய்தியை அறிந்த நமக்கு அச்சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. மார்ச்சு 12ஆம் நாள் 78 பேருடன் தண்டி நோக்கி அவர் நடந்தார்.

ஓர் ஏழையின் கடிதத்துக்குக் கையொடிய மறுமொழி எழுதிய மனிதர் ஒரு பக்கம். அவர் எழுதிய கடிதத்துக்குச் செயலரைக் கொண்டு நான்கு வரி எழுதுவித்த அரசு மறு பக்கம். இருவரில் யார் நாட்டை ஆளத் தக்கவர் என்பதை மக்கள் முடிவு செய்ய அதிக நாள் பிடிக்கவில்லை.

எல்லாக் கடிதமும் காலத்தில் பயன் தந்துவிடுவதில்லை. 1931 மார்ச்சு 23ஆம் நாள் காலையில், பகத்சிங்கையும் அவர் தோழர் இருவரையும் தூக்கிலிட வேண்டாமென்று இர்வினுக்கு எழுதினார். அன்று மாலையே இலாகூர்ச் சிறையில் அம்மூவரும் தூக்கிலிடப்பட்டனர். இன்னும் முன்பே, இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்கலாமே என்று அன்றும் குறை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

அதிகாலை மூன்று மணி

1932 செப்டம்பர் 20ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனித்தொகுதி வழங்கும் பிரிட்டிஷ் அரசின் தீர்ப்பை எதிர்த்து, எரவாடாச் சிறையில் நண்பகல் முதல் சாகும்வரை உண்ணாநோன்பு என்று காந்தியடிகள் அறிவித்திருந்தார். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து இரவீந்திரநாத தாகூருக்குக் கடிதம் எழுதினார். தாகூர் பல முறை அவரை வெளிப்படையாக மறுத்தவர். நட்பு என்றால் உண்மையைச் சொல்வது என்று இருவரும் அறிந்திருந்தனர். என் செயலை வாழ்த்த உம் மனம் இடந்தருமானால் வாழ்த்தும், தவறென்று தோன்றினால் அதையும் சொல்லும் என்பதே அக்கடிதத்தின் சாரம். சிறை மேலதிகாரியின் கையில் அதைக் கொடுக்கும் வேளையில், தாகூரின் தந்தி வந்து சேர்ந்தது. நாட்டின் ஒற்றுமைக்காக அரிய உயிரையும் ஈவது தகும் என்று அது அவரை வாழ்த்தியது. புகுகின்ற புயலில் இது என்னைத் தாங்கும் என்று அந்தக் கடிதத்தின் அடியிலேயே சேர்த்து எழுதினார். கேட்கும் முன்பே மறுமொழி வந்துவிட்ட கடிதம் அது!

செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அண்ணல் அம்பேத்கரோடு, நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. இராசாவும் அதில் கையொப்பமிட்டனர். ஒப்பந்தம் இலண்டனுக்குத் தந்தியிற் பறந்தது. அங்கே அமைச்சரவை ஏற்றுக்கொண்ட செய்தி வரும்வரை நோன்பு முடியாது. 26ஆம் நாள் அது வந்தது. தாகூரும் நேரில் வந்து அருகிலிருக்க, நோன்பு முடிந்தது. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓர் உயிர் ஊசலாடும்போது தம் மக்களின் உரிமையை எப்படிப் பேசுவது என்ற இக்கட்டில் அந்த நோன்பு அம்பேத்கரை நிறுத்தியது. தாம் நெருக்கப்பட்டதை அவர் பின்னாளில் கடுமையாகவே எழுதினார். அக்குரலையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த ஆறு நாட்களின் வரலாறு முழுமையாகும்.

நிறுத்தி வைக்கப்பட்ட தந்தி

தந்திக் கம்பி மக்களுடையது போலத் தோன்றினாலும், அதன் சாவி அரசிடம் இருந்தது. நெருக்கடி வேளையில் எந்தச் செய்தியையும் தடுத்து நிறுத்த 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்தது. கடிதங்களும் தப்பவில்லை. போரைத் தவிர்க்கும்படி 1939 ஜூலையில் ஹிட்லருக்குக் காந்தியடிகள் எழுதிய கடிதத்தை அரசு வெளியே விடவில்லை.

ஆனால் என் மனத்தை மிகவும் வருத்துவது வேறொரு தந்தி. 1942 ஆகஸ்டு 9ஆம் நாள் காந்தியடிகளைக் கைது செய்து பூனாவில் ஆகாகான் மாளிகையில் அடைத்தனர். உடன் மகாதேவ் தேசாயும் இருந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் அவருக்கு மகனாகவும் செயலராகவும் இருந்து, அந்தத் தபால் மலையைச் சுமந்தவர். ஆகஸ்டு 15ஆம் நாள் காலையில் திடீரென நெஞ்சு நின்று மகாதேவ் இறந்தார். வயது ஐம்பது. காந்தியடிகள் தம் கையாலேயே அவ்வுடலைக் கழுவினார். மாளிகை வளாகத்திலேயே எரியூட்டினார்கள். மனைவி துர்காபென்னும் மகன் நாராயணும் அருகில் இல்லை.

ஆறுதல் சொல்லி, மகாதேவ் ஒரு யோகியைப் போல இறந்தார், வருந்த வேண்டாம் என்று ஆசிரமத்தார் வழியே அக்குடும்பத்துக்கு அவசரத் தந்தி எழுதிக் கொடுத்தார். அதிகாரிகள் அதைத் தந்தியாக அனுப்பவில்லை. அஞ்சலில் சேர்த்தார்கள். கணவனின் கடைசி வேளையைப் பற்றிய அந்தச் சில சொற்கள் விதவையின் கைக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. இதை அறிந்ததும் காந்தியடிகள் அரசுக்கு எழுதி முறையிட்டார். பேரரசு ஒன்றை ஆட்டிவிடக் கூடிய செய்தியா அது? இறந்தவன் அமைதியாக இறந்தான் என்று அவன் மனைவிக்குச் சொல்லும் செய்தி. ஓர் ஆட்சி அதற்கும் அஞ்சத் தொடங்கிவிட்டது என்றால், அதன் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன என்றே பொருள்.

அச்சிறையில் உறவினருக்கு மட்டும், அதுவும் வீட்டுச் செய்திகளை மட்டும் எழுதலாம் என்று விதித்தனர். ஆசிரமம் முழுவதுமே தம் குடும்பம், அவர்களைப் பிரித்துப் பார்க்க இயலாது என்று சொல்லி, அச்சலுகையையே அவர் ஏற்க மறுத்தார். வாழ்நாளெல்லாம் எழுதிய கை, அந்த நிபந்தனையின் கீழ் எழுதாமல் இருந்தது.

மகன் எழுதிய மடல்

இதுவரை சொன்னதை வைத்து, காந்தியடிகளிடம் குறையே இல்லை என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. 1915 மார்ச்சு 31ஆம் நாளிட்ட நீண்ட மடல் ஒன்று அவருக்கு வந்தது. எழுதியவர் மூத்த மகன் ஹரிலால். தென்னாப்பிரிக்காவில் தந்தையின் போராட்டத்தில் பலமுறை சிறை சென்ற பிள்ளை. எங்களுக்குக் கல்வி கொடுக்கவில்லை, எங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை, பிறர் பிள்ளைக்குக் கிடைத்த வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே அதன் முறையீடு. அந்த மடலை அவர் அச்சிட்டும் விட்டார். உலகத்தார் கேட்ட கேள்விக்கெல்லாம் மறுமொழி எழுதிய தந்தை, தம் மகனுக்கும் எத்தனையோ கடிதங்கள் எழுதினார். ஆயினும் அந்தப் பிளவு ஆறவேயில்லை. ஹரிலால் குடியில் வீழ்ந்து, 1948இல், தந்தை சுடப்பட்ட சில மாதங்களில், பம்பாயில் இறந்தார்.

பொதுத்தொண்டில் ஈடுபட்டுள்ள பெற்றோரே, இம்மடலைச் சற்று நினைவில் வையுங்கள். அன்பியக் கூட்டத்துக்கும், சங்கக் கூட்டத்துக்கும், ஊர்ப் பஞ்சாயத்துக்கும் தவறாமல் போகிறோம். வீட்டில் ஒரு பிள்ளை நம்மிடம் ஏதோ சொல்லக் காத்திருக்கிறதா என்று பார்த்தோமா? அந்தப் பிள்ளை கடிதம் எழுதும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

நூறு தொகுதிகள்

காந்தியடிகளின் எழுத்துக்கள் யாவும் நூறு தொகுதிகளாக அச்சாகியுள்ளன. முதல் தொகுதி 1958இல் வெளிவந்தது. பணி முடிய 1994 ஆயிற்று. அப்பணியின் முதல் தலைமைப் பதிப்பாசிரியர் பாரதன் குமரப்பா. காந்தியப் பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர், நம் தஞ்சைத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் பிள்ளை. 1960 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அப்பொறுப்பைச் சுமந்தவர் புதுக்கோட்டையில் பிறந்த பேராசிரியர் கே. சுவாமிநாதன். அத்தொகுதிகளைப் புரட்டினால், நூல்களைவிடவும் சொற்பொழிவுகளைவிடவும் கடிதங்களே பக்கம் பக்கமாக நம் கண்ணில் படுகின்றன. இரண்டு வரிக் கார்டு ஒன்று. அடுத்து வைசிராய்க்கு ஒரு மடல். அதற்கடுத்து நோயுற்ற ஓர் ஆசிரமப் பெண்ணுக்கு என்ன பத்தியம் என்று ஒரு குறிப்பு. நாளின் வரிசையில் மூன்றும் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. அவர் மனத்திலும் அவை அப்படித்தான் நின்றன போலும்.

இன்று தந்தி இல்லை. அஞ்சலட்டை வாங்குவாரும் அருகிவிட்டனர். கைப்பேசியில் நொடிக்கொரு செய்தி வருகிறது. பார்த்துவிட்டோம் என்பதற்கு அடையாளமும் விழுகிறது. மறுமொழி மட்டும் வருவதில்லை. வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனுக்கு ஊரிலிருக்கும் தாயும், ஊரிலிருக்கும் தாய்க்கு அந்த மகனும் நாள்தோறும் முகம் காட்டிப் பேச முடிகிறது. ஆனால் பல வீடுகளில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமலும், சொல்ல வேண்டிய ஒரு மன்னிப்புச் சொல்லப்படாமலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றைச் சொல்ல முகத்துக்கு முகம் நா எழாது. தாளில் எழுத முடியும்.

ஆகவே இத்திங்கள் ஒரு சிறு வேலை தருகிறேன். உங்கள் மறுமொழிக்காக யாரோ ஒருவர் காத்திருக்கிறார். பங்கு பிரிப்பதில் பேச்சு நின்றுபோன அண்ணனாக இருக்கலாம். தனியே இருக்கும் பழைய ஆசிரியராக இருக்கலாம். ஊர் விட்டுப்போன பெரியம்மாவாக இருக்கலாம். அஞ்சலகத்தில் ஒரு கார்டு வாங்குங்கள். நான்கு வரி போதும். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அருகே உட்கார வைத்து, கீழே ஆளுக்கொரு வரி எழுதச் சொல்லுங்கள். முகவரியைத் தெளிவாக எழுதி, அன்றே தபாலில் போட்டுவிடுங்கள். நாளைக்கென்று வைத்த கடிதம் பெரும்பாலும் போவதில்லை.

அடுத்த திங்கள் சந்திப்போம்.